திடுக், திக்திக், பகீர்: இன்றைய திகில் படங்களில் நாம் தேடும் பயம் எது?

2018-இல் வந்த ‘ஹெரிடிட்டரி’ படத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதே படத்தை வெளியான அன்றைக்கே பார்த்துவிட்டு வந்த அமெரிக்க ரசிகர்கள் கொடுத்த மதிப்பெண் ‘டி பிளஸ்’. சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் பார்வையாளர்களிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ‘ஏ பிளஸ்’ தொடங்கி ‘எஃப்’ வரை மதிப்பெண் போடச் சொல்லும். அந்தக் கணக்கில் ‘டி பிளஸ்’ கிட்டத்தட்ட தோல்விதான். ‘த விட்ச்’ படத்துக்குக் கிடைத்தது ‘சி மைனஸ்’. 2017-இல் வந்த ‘இட் கம்ஸ் அட் நைட்’ வெறும் ‘டி’. ஆனால் 2013-இல் வந்த ‘த கான்ஜுரிங்’ ‘ஏ மைனஸ்’ வாங்கியது. திகில் படங்கள் அந்த உயரத்தை எட்டுவது அபூர்வம்.

இந்த நாலு படங்களும் எனக்குப் பிடிக்கும். மனதுக்கு நெருக்கமானவை குறைந்த மதிப்பெண் வாங்கிய படங்கள்தான். அதற்காக, ‘டி பிளஸ்’ போட்டவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல வருடங்களாக நண்பர்களோடு இதைப் பற்றி வாதாடியிருக்கிறேன். “அந்தப் படம் பயமாகவே இல்லை” என்று ஒருவர் சொல்லும்போதும், “மூணு நாள் தூக்கம் வரவில்லை” என்று இன்னொருவர் சொல்லும்போதும் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பயம் என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது வெவ்வேறு உணர்வுகளுக்கு.

தமிழில் இதை விளக்குவது சுலபம். நம்மிடம் அதற்கான ஒலிச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தால் ‘திடுக்’ என்கிறது. பரிட்சை முடிவுக்காகக் காத்திருக்கும்போது ‘திக்திக்’ என்கிறது. கூடவே வந்த குழந்தையைக் காணோம் என்று உறைக்கும் நொடியில் வயிற்றில் ‘பகீர்’ என்கிறது. இந்த மூன்றையும் ஒருவர்கூட ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்வதில்லை. திகில் படம் என்று வரும்போது மட்டும் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ‘பயமாக இருந்ததா, இல்லையா’ என்று கேட்கிறோம்.

திடுக்கிடுவது உடம்பின் வேலை. மூளை யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே அது நடந்துவிடும். பெரிய சத்தம் கேட்டால், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமை மூடத் தொடங்குகிறது. தோள் உயர்கிறது, கழுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரு உளவியலாளர்கள் துப்பாக்கிச் சத்தத்தை வைத்து இதை ஆராய்ந்து 1939-இல் விரிவாக எழுதினார்கள். துப்பாக்கி பழகியவர்களின் இமையும் சிமிட்டத்தான் செய்தது. அதனால், ஒரு படம் நம்மைத் திடுக்கிட வைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது. ஒலிப்பதிவில் திடீரென்று சத்தத்தைக் கூட்டினால் யாரும் துள்ளத்தான் செய்வார்கள்.

‘ஜம்ப் ஸ்கேர்’ என்று சொல்லப்படும் இந்தத் திடீர் அதிர்ச்சிக் காட்சிகள் மீது எனக்கு வெறுப்பு என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று சினிமாவின் மிகப் பழைய சந்தோஷங்களில் சேர்த்தி. 1942-இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு காட்சி உண்டு. இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுபோகிறது. அவள் வேகத்தைக் கூட்டுகிறாள். ஏதோ பாயப்போகிறது என்று நாம் உடம்பைக் குறுக்கிக்கொள்ளும் நொடியில் சீறிக்கொண்டு திரைக்குள் நுழைவது ஒரு பேருந்து. இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே சினிமாக்காரர்களிடம் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே வேலை செய்தது அந்தச் சீறல் மட்டும் என்றால் நாம் அதை எப்போதோ மறந்திருப்போம். அதற்கு முன்னால் வந்த அமைதிதான் நம்மை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. 1990-இல் வந்த ‘த எக்ஸார்சிஸ்ட் III’ படத்தின் மருத்துவமனை நடைவழிக் காட்சியும் இதே வகை. கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. ஒரு நர்ஸ் அறைக்குள் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சற்றே தளரும் அளவுக்கு இயக்குநர் காத்திருக்கிறார். அப்புறம் நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு வகையைப் பார்த்தால். கண்ணாடி அலமாரியை மூடியதும் பின்னால் ஓர் உருவம், கூடவே காதைப் பிளக்கும் சத்தம். பார்த்தால் அது வீட்டில் இருக்கிற அண்ணன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று வரும்போது படம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு என் நரம்பைத் தட்டிப் பார்க்கிறது என்றுதான் தோன்றும். இது எந்த அளவுக்குச் சத்தத்தின் வேலை என்று தெரிந்துகொள்ள, அப்படி ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. சத்தத்தின் பின்னால் உயிரியலும் இருக்கிறது. டேனியல் புளூம்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மார்மட் என்ற மலைவாழ் கொறிவிலங்கின் ஓலத்தைப் படித்துக்கொண்டிருந்தவர். பயத்தில் கத்தும் விலங்கின் குரல் உடைந்து, கரகரத்து, தறிகெட்டுப் போகிறது என்பதைக் கவனித்தவர், அதே குணம் சினிமா ஒலிப்பதிவுகளில் இருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய குழு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அலசி 2010-இல் முடிவை வெளியிட்டது. பயமுறுத்தும் காட்சிகளில் அந்த உடைந்த, கரகரத்த ஒலி கூடுதலாக இருந்தது. ஆபத்தில் கத்தும் குட்டியின் ஓலத்துக்கு எழுந்து ஓடும் பழக்கத்தைத்தான் திகில் பட இசை தொட்டு எழுப்புகிறது போலும்.

‘திக்திக்’ வேறு விஷயம். அதற்குச் சத்தம் தேவையில்லை, நேரம் வேண்டும். இந்த நேரத்தைக் கையாளுவதில்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டுப் படங்கள் மிகவும் புதிதாக எதையோ கண்டுபிடித்தன என்பது என் கருத்து. அந்தக் கண்டுபிடிப்பில் பாதி, கையில் பணம் இல்லாததால் வந்தது.

1999-இல் ‘த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வந்தபோது, நடித்தவர்களே கேமராவைப் பிடித்து எடுத்த காட்சிகள் படமாகின. சூனியக்காரியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் ஓரன் பெலி 2007-இல் தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலர் செலவில், ஒரு வாரத்தில் ‘பாரானார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்து முடித்தார். 2009-இல் பெரிய அளவில் வெளியாகி அது உலகம் முழுக்க ஈட்டிய வசூல் 19 கோடி டாலருக்கும் மேல். அந்தப் படத்தின் இதயம் ஒரே ஒரு ஷாட். படுக்கையறை மூலையில் நிறுத்தி வைத்த கேமரா, தூங்கும் இருவர், திறந்திருக்கும் கதவு, மூலையில் ஓடும் கடிகார எண்கள். இரவு வேகமாக ஓட்டிக் காட்டப்படுகிறது. எண்கள் பறக்கின்றன. சட்டென்று அந்த ஓட்டம் சாதாரண வேகத்துக்கு இறங்குகிறது. அவ்வளவுதான். இன்னும் எதுவும் நடக்கவில்லை, ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் இருக்கை நுனிக்கு வந்துவிடுவார்கள். எண்கள் மெதுவாக நகர ஆரம்பித்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று இருபது நிமிடத்தில் அந்தப் படம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பணம் இருந்திருந்தால் அங்கே ஒரு கிராஃபிக்ஸ் பேய் வந்திருக்கும் என்று நினைக்கும்போது, பணம் இல்லாமல் போனதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

2014-இல் வந்த ‘இட் ஃபாலோஸ்’ இதே வித்தையை வேறு விதமாகச் செய்தது. துரத்தும் உருவம் ஓடாது, நடந்துதான் வரும். யார் வடிவத்திலும் வரும். சட்டம் இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு இயக்குநர் டேவிட் ராபர்ட் மிட்செல் கேமராவை அகலமாகத் திறந்து வைக்கிறார். முன்னால் கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்க, நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. பின்னால் தெரியும் புல்வெளியில், தெருவின் கோடியில், நடந்து வரும் ஒவ்வொருவரையும் சந்தேகப்படுகிறோம். அந்தப் படம் முடிந்து வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் எதிரே நடந்து வருகிறவர்களை அப்படித்தான் பார்த்தேன். ஒரு படம் என் கண்ணின் பழக்கத்தையே ஒரு மாலைப்பொழுதுக்கு மாற்றிவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

ரத்தமும் சித்திரவதையும் நிறைந்த படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2004-இல் ‘சா’, 2005-இல் ‘ஹாஸ்டல்’ என்று தொடங்கிய அலை சில ஆண்டுகள் அடித்தது. முதல் ‘சா’ படம் பூட்டிய அறைப் புதிராக எனக்கு இன்றும் பிடிக்கும். அடுத்தடுத்து வந்தவற்றில் புதிர் சுருங்கி, கருவிகள் பெருகின. மனித உடம்பு சிதைவதைப் பார்க்கும்போது எழுவது முக்கால்வாசி அருவருப்பு. அருவருப்புக்குச் சீக்கிரம் மரத்துப்போகும் குணம் உண்டு. அதனால் அடுத்த படம் இன்னும் கூட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஏணியில் எனக்கு ஏறப் பிடிக்கவில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் பார்க்க வேண்டும் என்று திகில் படம் பார்க்காதவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படப் போகும் ஒரு பேய் வீட்டில் 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி அனுப்பினார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் கூடக் கூட ரசிப்பும் கூடிக்கொண்டே போகவில்லை. பயம் மிகக் குறைவாக இருந்தாலும் ரசிப்பு குறைந்தது, மிக அதிகமானாலும் குறைந்தது. நடுவில் ஓர் இடத்தில்தான் உச்சம். அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை நான் வாழ்க்கையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவருக்குச் சலிப்பூட்டிய படம் இன்னொருவரைப் பாதியில் எழுந்து போக வைக்கும். ‘உனக்குத் தைரியம் இல்லை’ என்று எழுந்து போனவரைக் கிண்டல் செய்வது அநியாயம். அவருடைய அளவு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ‘பகீர்’ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நெருக்கமான இடம் இது. ‘ஹெரிடிட்டரி’யை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

படத்தின் முதல் பகுதியில் அண்ணன் ஓட்டும் காரில் ஒரு விபத்து நடந்து தங்கை இறந்துபோகிறாள். இயக்குநர் ஆரி ஆஸ்டர் அந்த உடலை உடனே காட்டுவதில்லை. அண்ணனின் முகத்தில் கேமரா நிற்கிறது. அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. மெதுவாகக் காரை வீட்டுக்கு ஓட்டி வருகிறான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படுக்கையில் போய்ப் படுக்கிறான். கண் திறந்தே இருக்கிறது. விடிகிறது. வெளியே போக அம்மா கிளம்பும் சத்தம் கேட்கிறது. நாம் இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்புறம் தூரத்தில் அம்மாவின் அலறல். இதில் பேய் இல்லை, திடுக்கிட வைக்கும் இசை இல்லை. என்ன நடந்தது என்பதும், இனி என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வயிறு பிசைகிறது. திடுக்கிடலை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவருக்கு இந்தக் காட்சி துக்கம் நடந்த வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்த மாதிரி இருந்திருக்கும். அவர் ‘டி பிளஸ்’ போட்டது எனக்குப் புரிகிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. திகில் சினிமாவை இந்த நான்கில் அடக்கிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பழக்கம். பேயும் சாத்தானும் வரும் படங்கள் அணங்கு. சுறாவும் வேற்றுக்கிரக மிருகமும் விலங்கு. முகமூடி போட்டு வீட்டுக்குள் நுழைபவன் கள்வன். நான்காவதான இறைதான் சுவாரசியம். அரசன் என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டு நிறுத்தவில்லை. தந்தை, ஆசிரியர் போன்றவர்களையும் அதில் சேர்த்துச் சொல்கிறார் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர். அதாவது, நம்மைக் காக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், நம்மீது அதிகாரம் உள்ளவர்கள். அவர்களிடமிருந்தும் அச்சம் வரும்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்னை ஆட்டிப்படைத்த படங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் வெளியே அணங்கு வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே இந்த நான்காம் அச்சத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலிய இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் எடுத்த ‘த பாபடூக்’ 2014-இல் வந்தது. ஒரு படப் புத்தகத்திலிருந்து கிளம்பும் கறுப்பு உருவம் ஒரு தாயையும் மகனையும் துன்புறுத்துகிறது என்பது மேலோட்டமான கதை. மகனைப் பிரசவிக்க மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் கணவன் விபத்தில் இறந்தான். மகனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவு வருகிறது. படம் பாதியைத் தாண்டியதும் அந்தச் சிறுவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு விடை மாறிவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் இருப்பதைவிட, சமையலறையில் நிற்கும் அம்மாவைப் பார்த்துத்தான் நான் நடுங்கினேன்.

இந்த வகைப் படங்களுக்கு ‘உயர்தர திகில்’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு பட்டம் கொடுக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏதோ 2014-க்கு முன்னால் திகில் படங்களுக்கு அறிவே இல்லாத மாதிரி அந்தப் பட்டம் பேசுகிறது. 1968-இலேயே ‘ரோஸ்மேரிஸ் பேபி’ வந்துவிட்டது. அதில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைச் சுற்றி இருக்கும் கணவன், டாக்டர், பக்கத்து வீட்டு முதியவர்கள் எல்லோருமே அக்கறையோடு சிரித்துக்கொண்டே அவளை ஒரு வலையில் வைத்திருக்கிறார்கள். அவள் தப்பி ஓடி இன்னொரு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் யாரிடமிருந்து ஓடி வந்தாளோ அவர்களையே வரவழைக்கிறார். 1980-இல் வந்த ‘த ஷைனிங்’ ஓட்டலில் எத்தனை ஆவிகள் இருந்தாலும் கோடரியோடு வருவது அப்பாதான். பழைய படங்கள் வகுத்த வழியில்தான் புதியவர்கள் நடக்கிறார்கள்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. ‘பாபடூக்’ பெற்ற மரியாதைக்குப் பிறகு, எந்தப் பேயைப் பார்த்தாலும் அது ஒரு துக்கத்தின் உருவகம், ஒரு மனக்காயத்தின் அடையாளம் என்று ஆகிவிட்டது. அது தவறில்லை. ஆனால் கதாபாத்திரமே நடுவில் உட்கார்ந்து அந்த உருவகத்துக்கு உரை சொல்ல ஆரம்பிக்கும்போது பயம் ஆவியாகிவிடுகிறது. பொருள் முழுதாகத் தெரிந்துவிட்ட பேய் ஒரு பாடம்தான். கென்ட் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அவருடைய உருவம் சாகவில்லை, விளக்கப்படவும் இல்லை. வீட்டின் கீழறையில் இருக்கிறது. அம்மா ஒரு கிண்ணத்தில் புழுக்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறாள். அந்தக் கிண்ணத்தைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரே முடிவுக்கு வர முடியவில்லை.

இறை அச்சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதையே முழுப் படமாக்கியவர் என்று நான் ஜோர்டன் பீலைச் சொல்வேன். 45 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 2017-இல் வந்த அவருடைய ‘கெட் அவுட்’ 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2018 ஆஸ்கர் விழாவில் சிறந்த அசல் திரைக்கதைக்கான விருதையும் வாங்கியது. ஒரு கறுப்பின இளைஞன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறான். எல்லோரும் அன்பாக நடந்துகொள்கிறார்கள். அந்த அன்பிலேயே ஏதோ சரியில்லை. முடிவை நான் இங்கே பேசத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து, இருட்டான சாலையில் அவன் நிற்கிறான். பக்கத்தில் அந்தப் பெண் குண்டடி பட்டுக் கிடக்கிறாள். அப்போது தூரத்திலிருந்து சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்கோடு ஒரு கார் வருகிறது. வேறு எந்தத் திகில் படத்திலும் அந்த விளக்கு வந்தால் நாம் பெருமூச்சு விடுவோம், காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று. இங்கே அவன் மெதுவாக எழுந்து இரண்டு கைகளையும் தூக்குகிறான். அவனைப் போலவே நமக்கும் பகீர் என்கிறது. ஒரு கறுப்பின இளைஞன், காயம்பட்ட வெள்ளைக்காரப் பெண், போலீஸ் விளக்கு. பேயே வேண்டாம். அவன் கைதாகிச் சிறையில் இருப்பதாகத்தான் பீல் முதலில் ஒரு முடிவை எடுத்திருந்தார். பிறகு அதை மாற்றினார். இப்போது இருக்கும் படத்தில் காரின் கதவு திறக்கிறது. அதில் ‘ஏர்போர்ட்’ என்று எழுதியிருக்கிறது. விமான நிலையப் பாதுகாப்பில் வேலை பார்க்கும் நண்பன் இறங்கி வருகிறான். இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முடிவு மனப்பாடம். இருந்தும், அந்தக் கதவில் இருக்கும் எழுத்து கண்ணில் படும் வரை என்னால் மூச்சு விட முடிவதில்லை.